ஏழு க்ளிக்

‘‘மாமா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?’’

இப்படி ஆரம்பிக்கிற எந்த போன்காலும் நல்ல சேதி சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு கோடைக்காலம். சென்னையில் பகல் 11 மணி. ஃபுளோரிடாவில் அவனுக்கு ராத்திரி ஒன்றரை.

‘‘இல்லடா. என்ன ஆச்சு?’’

‘‘ஒண்ணும் ஆகலை மாமா. நைட் ஃப்ளையிங் போனேன். தனியா. அவ்வளவுதான். அம்மாகிட்ட சொல்ல வேணாம்.’’

ஒன்றுமே ஆகாத விஷயத்தை எதற்காக அம்மாவிடம் மறைக்க வேண்டும்?

அக்கா பையன். பைலட் ஆகியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று அமெரிக்கா போனவன். அக்காவின் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது. ஜாமீன் கையெழுத்து அடியேன். குடும்பத்தில் பி.காம். படித்த ஒரே ஆத்மா என்பதால் கணக்கு வழக்கும் என் தலையில். அங்கே பயிற்சி விமானத்துக்கு வாடகையைப் பத்தில் ஒரு மணி நேரமாகப் பிரித்துப் போடுகிறார்கள். ஆறு நிமிஷத்துக்கு ஒரு தரம் மீட்டர் நகரும். நம் ஊர் ஆட்டோவிலாவது பேரம் பேசலாம். நான் ஒரு எக்செல் ஷீட் போட்டு, அவன் பறந்த மணி ஒரு பக்கம், செலவான டாலர் ஒரு பக்கம் என்று வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் மணி ஏறவில்லை என்றால், ‘என்னடா, அங்க தீபாவளி லீவா?’ என்று மெசேஜ் போய்விடும். கிண்டலாகத்தான்.

பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்க அமெரிக்காவில் எவ்வளவு நேரம் ராத்திரிப் பயிற்சி வேண்டும் தெரியுமோ? மூன்று மணி நேரம். அதற்குள் பத்து முறை ஏறி, பத்து முறை இறங்கி, விமானத்தை முழுசாக நிறுத்த வேண்டும். மொத்தம் 100 நாட்டிக்கல் மைலுக்கு மேல் வருகிற மாதிரி வெளியூர்ப் பயணம் ஒன்று. எல்லாமே இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. அப்புறம் லைசென்ஸ் கைக்கு வந்தால் ராத்திரியில் தனியாகவே பறக்கலாம். ஆள் ஏற்ற வேண்டுமென்றால் மட்டும், கடந்த 90 நாளில் மூன்று முறை இருட்டில் ஏறி இறங்கியிருக்க வேண்டும். நம் ஊரில் டூவீலருக்கு எல்.எல்.ஆர். போட்டாலே முப்பது நாள் காக்க வைக்கிறார்கள்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஐரோப்பாவில் ராத்திரிக்கென்று தனி அனுமதி வாங்க வேண்டும். ஐந்து மணி நேரப் பயிற்சி, அதில் ஐந்து முறை தன்னந்தனியாக இறங்கிக் காட்ட வேண்டும். இந்தியாவில் இன்னும் கறார். வெளியே பார்த்து ஓட்டுகிற விமானம் சூரியன் விழுந்த பிறகு, ஏ.டி.சி. அனுமதி கொடுக்கிற உள்ளூர், பயிற்சிப் பறத்தல்களைத் தவிர, மேலே போகக் கூடாது.

அந்த மூன்று மணி நேரத்தில் என்ன சொல்லித் தருவார்கள் என்று முன்பே ஒருமுறை ஆசையாகக் கேட்டிருந்தேன். முதல் பாடம், கண். கரன்ட் போனதும் எதுவும் தெரியாமல் தடுமாறி, கொஞ்ச நேரத்தில் அடுக்களைப் பாத்திரம்கூடத் தெரிய ஆரம்பிக்குமே, அது முழுசாக நடக்க அரை மணி நேரம் ஆகுமாம். நடுவில் யாராவது டார்ச் அடித்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அதனால் காக்பிட்டில் சிவப்பு விளக்கு. அப்புறம், இருட்டில் ஒரு பொருளை நேராகப் பார்க்கக் கூடாது, சற்றுத் தள்ளிப் பார்க்க வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதி வெளிச்சத்துக்கானது. மங்கலான நட்சத்திரம் ஓரக்கண்ணுக்குத்தான் சிக்கும். கும்மிருட்டில் ஒற்றை விளக்கையே முறைத்துக்கொண்டிருந்தால் அது நகர்கிற மாதிரி தோன்றும். அதை இன்னொரு விமானம் என்று நினைத்து ஒதுங்கியவர்கள் உண்டாம்.

பைலட்டுகளிடம் ஒரு பழைய ஜோக் இருக்கிறது. ராத்திரியில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது? தரைக்குக் கிட்டே வந்ததும் லேண்டிங் லைட்டைப் போடு. கீழே தெரிவது பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிடு.

சொன்னபோது சிரித்தேன். அந்தப் பகல் 11 மணிக்கு அது ஞாபகம் வந்தபோது சிரிப்பு வரவில்லை.

மெல்ல மெல்லச் சொன்னான். கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரையில் ஒரு சின்ன ஏர்போர்ட்டுக்குப் போயிருக்கிறான். நடுவே எவர்கிளேட்ஸ். சதுப்பும் தண்ணீரும்தான், ஊர் கிடையாது, விளக்கு கிடையாது. அன்றைக்கு நிலாவும் இல்லை. லேசான புகைமூட்டம். வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத கறுப்பு. கருவியைப் பார்த்தால் விமானம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. எப்போது சாய்ந்தது என்று அவனுக்கே தெரியாது. நேராக்கினான்.

‘‘நேரானதும் உடம்பு ஒத்துக்கலை மாமா. வலது பக்கம் கவுந்துட்டேன்னு உடம்பு சொல்லுது. கருவி நேரா இருக்கேங்குது. பஸ்ல நின்னுக்கிட்டு வளைவுல சாயுற மாதிரி சீட்டுல ஒரு பக்கமா சாஞ்சே உட்கார்ந்திருந்தேன். கை தானா இடது பக்கம் திருப்பப் பார்க்குது.’’

சின்ன வயசில் தட்டாமாலை சுற்றி நின்றதும் பூமி எதிர்ப்பக்கம் சுற்றுமே, அதே காது, அதே திரவம். மிக மெதுவான திருப்பத்தைக் காது கண்டுபிடிக்காது. திருப்பம் நின்றதும் எதிர்த் திசையில் பொய் சொல்லும். பகலில் கண் அந்தப் பொய்யை அதட்டி உட்கார வைத்துவிடும். ராத்திரியில் கண்ணுக்கு வேலையில்லை.

‘‘என்னடா பண்ணினே?’’

‘‘இன்ஸ்ட்ரக்டர் சொன்ன மாதிரி ஒவ்வொரு கருவியா பேரைச் சொல்லி, அது காட்டுற நம்பரைச் சத்தமாப் படிச்சேன். ஸ்கூல்ல வாய்ப்பாடு சொல்ற மாதிரி. பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் கரையோர லைட் தெரிஞ்சுது.’’

அந்தச் சின்ன ஏர்போர்ட்டில் ராத்திரி ஆள் கிடையாது. ரன்வே விளக்கும் அணைந்திருக்கும். வருகிறவன்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும். ரேடியோ மைக் பட்டனை ஐந்து செகண்டுக்குள் ஏழு தரம் அழுத்தினால் விளக்கு முழுப் பிரகாசத்தில் எரியும்.

‘‘ஏழு க்ளிக் மாமா. கறுப்புத் துணியில யாரோ ரெண்டு வரிசை கோலம் போட்ட மாதிரி மொத்தமா எரிஞ்சுது. அழுகையே வந்துடுச்சு.’’

போனை வைத்த பிறகு என்னால் வேலை செய்ய முடியவில்லை. பத்திரிகைக்காரன் புத்தி, இன்டர்நெட்டில் தேட ஆரம்பித்தேன். தேடியிருக்கக் கூடாது. 1954-ல் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத இருபது பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்ட வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 செகண்டில். மூன்று நிமிஷத்துக்கு இரண்டு செகண்ட் குறைவு.

அடுத்து ஜான் எஃப். கென்னடியின் மகன். 1999 ஜூலை 16 ராத்திரி, மனைவியையும் அவருடைய அக்காவையும் ஏற்றிக்கொண்டு தன் சொந்த விமானத்தில் மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குப் போனார். 38 வயது. முந்நூறு மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். கருவியை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சியைப் பாதிதான் முடித்திருந்தார். புகைமூட்டம், கடல், இருட்டு. மூவரும் போய்விட்டார்கள். இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை, திசையுணர்வு குழம்பிக் கட்டுப்பாடு போய்விட்டது என்று விசாரணை அறிக்கை முடிகிறது. அதில் ஒரு விவரம் என்னைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ஓர் இன்ஸ்ட்ரக்டர் ‘கூட வரட்டுமா’ என்று கேட்டிருக்கிறார். தனியாகவே செய்து பார்க்க விரும்புவதாக இவர் சொல்லிவிட்டாராம்.

நம் பையன் ஏன் அன்றைக்குக் கிளம்பினான்? புகைமூட்டம் என்று முன்கூட்டியே தெரியாதா? கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

பத்து நாள் கழித்து அவனே பேசினான். ‘‘இன்னிக்கு நைட் போறதா இருந்தேன். மேல மூட்டமா இருக்கும்போலத் தோணுச்சு. விமானம் வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டேன்.’’

சபாஷ் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது, ‘‘கடைசி நேரத்துல கேன்சல் பண்ணினா காசு பிடிப்பாங்களா?’’

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

‘‘45 டாலர் மாமா.’’

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். எவர்கிளேட்ஸ் பற்றி மூச்சு விடவில்லை. கேன்சல் ஆனதை மட்டும் பேச்சுவாக்கில் சொன்னேன். அக்கா காபியை ஆற்றிக்கொண்டே, ‘‘இதையாவது உங்கிட்ட சொன்னானா?’’ என்றாள்.

‘‘ஏன், முன்னாடியும் பண்ணியிருக்கானா?’’

‘‘ரெண்டு தரம். மாமாவுக்குத் தெரிய வேணாம்மா, கணக்குக் கேட்பார்னான். வளையலை வச்சு நான்தான் அனுப்பினேன். மூணாவது தரம் எங்கிட்டயும் காசு இல்லை, எப்படியும் போயிட்டு வந்துடுடான்னேன். போயிட்டு வந்துட்டான் பாரு.’’

மூணாவது தரம் எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை. எக்செல் ஷீட்டில் இருந்தது.