கூண்டுப்புழுவும் கீரனாரின் தும்பியும்

இருபது வயதில் நான் எழுதிய கவிதைகளில் எல்லாம் வண்ணத்துப்பூச்சிதான். கூட்டை உடைத்து வந்தவள் நான் என்று உரக்கச் சொல்வேன். ஒரு சிற்றிதழிலிருந்து திரும்பி வந்த தாளின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: 'பூச்சி எங்கே?'

விடை எங்கள் வயலில் கிடந்தது. காவிரி டெல்டாவின் பாபநாசத்தில் சம்பா நடவு முடிந்து சில வாரத்தில், தேங்கிய தண்ணீரில் பச்சைச் சுருள்கள் மிதக்கும். ஒன்றை எடுத்து நகத்தால் பிரித்தால் உள்ளே கூண்டுப்புழு. நெல் இலையின் நுனியைக் கத்தரித்து, வாய்நூலால் சுருட்டிக் கட்டிய குழல் அது. உள்ளே தண்ணீர் கொஞ்சம் நின்றிருக்கும். அந்தப் புழு செவுளால் மூச்சு விடுவது. குழல் போதாமல் போனால் விட்டுவிட்டு வேறொன்று வெட்டிக்கொள்ளும். அப்பா வயல் தண்ணீரில் மண்ணெண்ணெய் விட்டு, ஆளுக்கொரு முனையாகக் கயிற்றைப் பிடித்துப் பயிர்மேல் இழுக்கச் சொல்வார். கூண்டுகள் பொலபொலவென்று உதிரும். பிறகு தண்ணீரை வடித்துவிடுவார்.

தின்பதும் போர்த்திக்கொள்வதும் ஒரே இலை. போர்வைதான் மிதந்து ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. இது என் தலையில் உதித்த உவமை இல்லை, புழு செய்கிற வேலை. அன்றைக்கு எழுதியதில் 'நான்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்தேன். இருபத்தாறு வரி ஒன்பதானது. அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்று அந்த ஒன்பது வரிக்குள் இருந்தது.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. அகப்பாட்டில் யார் பெயரும் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வைத்த வரம்பு. பெயரை மறைத்தபின் மனசைச் சொல்ல ஒரு வாய் வேண்டுமே? குறுந்தொகை 392இல் தும்பி என்னும் வண்டைக் கூப்பிட்டு, தலைவனின் மலைக்குப் போனால், தினைப்புனத்தில் களையெடுப்பவர்களின் தங்கை வீட்டாரை விட்டு நீங்கவில்லை என்று சொல் என்கிறது பாட்டு. நற்றிணை 277இல் அதே தும்பிக்குத் தலைவியின் வசை: வேலியில் படர்ந்த பீர்க்கம்பூவை ஊதுகிறாய், அதே நிறத்தில் என்மேல் படர்ந்த பசலையை மணமில்லை என்று விட்டுவிட்டாயே! பசலையைப் பற்றி இதைவிடக் கூர்மையாக ஒரு பெண் பேசி நான் படித்ததில்லை. பேச்சு முழுக்கத் தும்பியைப் பற்றியது. நோவு முழுக்க அவளுடையது.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855இல் பிறந்த உ.வே.சா., 1937இல் குறுந்தொகையை உரையோடு பதிப்பித்தார். நற்றிணையை 1915இல் தந்ததும் நம் டெல்டாக்காரர், பின்னத்தூர் நாராயணசாமி ஐயர். பூச்சியை வைத்துத் தன்னைச் சொல்ல நினைக்கும் தம்பி தங்கைகள் இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். இரண்டையும் பாடியவர் ஒருவரே. அவர் பெயர் தும்பிசேர் கீரனார்.