திருநெல்வேலியில் ஒரு மத்தியானச் சாப்பாடு

யாழ்ப்பாணத்தில் அலுவல் முடிய மத்தியானமாகிவிட்டது. தனியாகக் கடைக்குள் இருந்து சாப்பிட நமக்கெல்லாம் ஒரு கூச்சம். திருநெல்வேலி 'அம்மாச்சி'யில் அது இல்லை. வடமாகாண சபை இயங்கிய 2013 - 2018 காலத்தில் விவசாயத் திணைக்களம் தொடக்கிய உணவகங்களில் ஒன்று இது.

சமைப்பதும் விற்பதும் பெண்கள்தான், உழைப்பு அவர்களுக்கே. கண்முன்னால் தோசை சுடுகிறார்கள். துடைத்த மேசை, நல்ல காற்று. பெரிய ஹோட்டலின் துப்புரவு. விலையோ தேத்தண்ணிக்கடை விலை.

குரக்கன் பிட்டு வாங்கினேன்.

"இன்னும் கொஞ்சம் சம்பல் போடவோ, அக்கா?" என்றாள் பிட்டவித்த தங்கச்சி.

வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு அடிச்சட்டியை வழித்துத் தின்கிறவர்கள் நாம். என்னை ஒருவர் கேட்டுப் போட்டு எத்தனை வருடம்! ஆறுதலாக இருந்து சாப்பிட்டேன். பிள்ளைகளுக்கு நாலு உழுந்து வடையும் கட்டுவித்தேன்.