கால் விநாடி

வீட்டில் ஒரு பொருள் பழசாகிவிட்டால் நமக்கு இரண்டு யோசனைகள்தாம் தோன்றுகின்றன. ஒன்று, அதைத் தலைமுழுகிவிட்டுப் புதிது வாங்குவது. மற்றொன்று, அதைத் திட்டிக்கொண்டே வைத்துக்கொள்வது. அதற்கு என்னதான் குறை என்று பக்கத்தில் உட்கார்ந்து விசாரிப்பது மூன்றாவது வழி. இந்த மூன்றாவது வழியை நான் அறுபத்தெட்டாவது வயதில், என் அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றிடம் கற்றுக்கொண்டேன். அதற்குக் கொடுத்த குருதட்சிணை 7,000 ரூபாய்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். சிறு வயது முதலே கார்ப் பைத்தியம். எழுபதுகளில் சோழவரத்தில் மோட்டார்ப் பந்தயம் நடந்தால் வீட்டில் யார் தடுத்தாலும் நிற்கமாட்டார். இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் அது. வெயில் தலையைப் பிளக்கும். நாள் முழுவதும் அங்கே நின்றுவிட்டு, முகம் கறுத்து, தொண்டை கட்டி, மாலையில் வீடு திரும்புவார். பிறகு ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளெல்லாம் ஸ்டீயரிங் சக்கரங்களாகவே இருக்கும். பின்னால் சம்பாதித்து ஒரு பியட் பத்மினி வாங்கினார். அதன் பிறகு வேறு கார்கள் வந்தன, போயின. பிறர் ஓட்டும் காரில் அவர் உட்கார்ந்தால் வலது கால் தானாகவே தரையை அமுக்கும்.

2023-ஆம் வருஷக் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நல்லவேளை, பேச்சு தெளிந்துவிட்டது. நடையும் கோலூன்றி ஒருமாதிரி வந்துவிட்டது. இடது கையும் இடது காலும் மட்டும் சோர்ந்தே இருந்தன. "எல்லாம் செய்யலாம், கார் மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டர். வாசலில் நின்ற காரை விற்றோம். வாங்கியவர் அதைப் பின்னால் எடுத்தபோது அண்ணன் ஜன்னலருகே நின்று, "கிளட்சை மெதுவா விடச் சொல்லு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் வாசல் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அவருடைய மகன் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறான். 2024 ஆடி மாதம் ஊருக்கு வந்தவன், மேஜை விளிம்பில் பொருத்தி முடுக்கும் ஸ்டீயரிங் ஒன்றும் காலடியில் வைக்கும் பெடல்களும் வாங்கி வந்திருந்தான். கம்ப்யூட்டரில் 'அஸெட்டோ கோர்ஸா' என்ற கார்ப் பந்தய விளையாட்டை ஏற்றினான். 2014-இல் வெளிவந்த விளையாட்டு அது, இத்தாலிக்காரர்கள் செய்தது. அதைச் செய்த காலத்தில் கம்பெனியின் அலுவலகமே ரோமாபுரிக்கு அருகிலுள்ள வல்லேலுங்கா பந்தய மைதானத்தில்தான் இருந்தது. நிஜமான பந்தயப் பாதைகள் பலவற்றை லேசர் கருவியால் அளந்து, மேடு பள்ளங்களோடு அப்படியே உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். கியர் தானாக மாறும்படி வைத்துக்கொள்ளலாம். இடது காலுக்கு வேலை இல்லை. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே போதும் என்றும் அமைத்துக்கொள்ளலாம். ஒரு கை போதும்.

பெராரி, லோட்டஸ் என்று மகன் வரிசையாகக் காட்டினான். அண்ணன் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு 'அபார்த் 500' என்ற குட்டிக் காரில் வந்து நின்றார். "நம்ம பியட்டுதானேடா இது!" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரலை அன்றுதான் கேட்டோம்.

சக்கரம் இருந்தது, பாதை இருந்தது, ஓட்டுவதற்கு ஆளும் இருந்தார். கம்ப்யூட்டர்தான் மக்கர் செய்தது. மகன் கல்லூரியில் சேர்ந்த 2014-இல் வாங்கியது அது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5. 4 ஜிபி ராம். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். படம் வரைவதற்கென்று தனி அட்டை கிடையாது. கார் கிளம்பியதும் திரையில் வந்தது ஓட்டமல்ல. ஆல்பத்தைப் புரட்டுவதுபோல் படம் படமாக வந்தது.

"புதுசு வாங்கிடலாம்ப்பா" என்றான் மகன். "எனக்காக எண்பதாயிரமா? வேண்டாம்" என்றார் அண்ணன். இந்த இடத்தில்தான் நான் புத்திசாலியாகக் குறுக்கே புகுந்தேன். எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர், "கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டாப் போதும், சார், பறக்கும்" என்றார். அவர் கடையின் பெயர் வேண்டாம். ஒருவர் உபயோகித்துக் கழித்த 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' ஒன்றை 7,000 ரூபாய்க்கு என் கையில் வைத்தார். அதில் ஒரு நல்ல குணம் உண்டு. 75 வாட்டுக்குள் காரியத்தை முடித்துக்கொள்ளும். பலகையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பழைய பவர் சப்ளையை மாற்ற வேண்டியதில்லை.

பொருத்தினோம். விநாடிக்குச் சராசரி 70 படம் என்று திரையின் ஓரத்தில் எண் காட்டியது. சினிமாவுக்கே விநாடிக்கு 24 படந்தான். "இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று நான் மார்தட்டினேன். மகனும் திருப்தியோடு பெங்களூர் போய்ச் சேர்ந்தான்.

பத்து நாள் கழித்துப் போனபோது ஸ்டீயரிங்கின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"ஏன் அண்ணா, ஓட்டுவதில்லையா?"

"கை சரியில்லை தம்பி. திருப்புறேன்னு நினைக்கிறேன், திரும்பறதில்லை. வண்டி புல்லுக்குள்ளே போய் நிக்குது. மூளை சொல்றது கைக்குத் தாமதமாப் போகுது போலிருக்கு. டாக்டர் சொன்னது சரிதான்."

மிகவும் நிதானமாகச் சொன்னார். அதுதான் எனக்கு என்னமோ செய்தது. படுக்கையில் விழுந்து எழுந்த மனிதனுக்கு எது தவறினாலும் தன் உடம்பின்மேல்தான் முதல் சந்தேகம் வருகிறது. யந்திரத்தை அவர் சந்தேகிக்கவே இல்லை.

துண்டை எடுத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். இத்தாலியில் மொன்ஸா என்ற பாதை. நேர் பாதையில் கார் நன்றாகத்தான் ஓடியது. திருப்பம் நெருங்கும்போது திரை ஒரு கணம் விக்கிற்று. விக்கல் தெளிந்தபோது நானும் புல்லில் நின்றேன். மறுபடியும் ஓட்டினேன், மறுபடியும் புல். எனக்குப் பக்கவாதம் வந்ததில்லை.

அன்று இரவு பெங்களூருக்குப் போன் செய்தேன். அவன் சொன்னபடியே ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி, திரையில் தெரிந்ததைப் படித்துக் காட்டினேன். ஞாபகப் பகுதி 96 சதவிகிதம் நிரம்பியிருந்தது. ஹார்ட் டிஸ்க் நூற்றுக்கு நூறு வேலையாக இருந்தது.

"ராம் போதலை, சித்தப்பா."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, "தினம் நூத்தெட்டு தடவை ஶ்ரீராமஜயம் எழுதறேனே, இன்னுமா போதலை?" என்றாள்.

விஷயம் இதுதான். ராம் என்பது சமையல் மேடை. ஹார்ட் டிஸ்க் என்பது பரண். மேடையில் இடம் இருந்தால் கடுகும் பருப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இடம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பரணில் ஏறி இறங்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றுகிறது. கேட்பதற்கு வேகந்தான். ஆனால் வேண்டிய இடத்தை முள் தேடிப் பிடிப்பதற்கு ஒவ்வொரு தடவையும் சுமார் 10 மில்லிவிநாடிக்கு மேல் ஆகிவிடுகிறது. விநாடிக்கு 60 படம் வரவேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசமே 16.7 மில்லிவிநாடி. இரண்டு தடவை பரண் ஏறினால் படம் தவறிப் போகும். இருபது முப்பது தடவை ஏறினால் கால் விநாடி போய்விடும். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் கால் விநாடியில் பத்து மீட்டர் கடந்துவிடுகிறது. அந்தப் பத்து மீட்டருக்குள்தான் திருப்பம் இருக்கிறது. மேடையில் இடம் இல்லாத அடுப்பங்கரைக்கு நான் 7,000 ரூபாய் சம்பளத்தில் இன்னொரு சமையற்காரரை அமர்த்தியிருந்தேன்!

சராசரி 70 என்று எண் காட்டியதே, அது பொய்யா? பொய்யில்லை. எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீரையும் மாதக் கணக்கில் கூட்டி வகுத்தால் தலைக்கு இத்தனை குடம் என்று தாராளமாகத்தான் வரும். சனிக்கிழமை காலை தலையில் எண்ணெயும் கையில் சீயக்காயுமாக நிற்கிறவரிடம் அந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்! ஓட்டத்துக்கு வேண்டியது வேகம் மட்டுமல்ல. ஒவ்வொரு படமும் தன் முறை தவறாமல் வருவது. முறை தவறாத அறுபது, விக்கி விக்கி வரும் எழுபதைவிட மேல்.

மறுநாள் ராம் வாங்கக் கிளம்பினேன். ஒரு கடையில் புது வகையான டிடிஆர்4 அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டியதோ டிடிஆர்3. இரண்டிலும் நடுவே ஒரு வெட்டு உண்டு. வெட்டு இருக்கும் இடந்தான் வேறு. அது தெரியாமல் நான் பலமாக அமுக்கிக்கொண்டிருந்தபோது, போனில் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்த அண்ணன் மகன் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். பிறகு ரிச்சி தெருவுக்குப் போய் 8 ஜிபி அட்டைகள் இரண்டு வாங்கினேன். ஒரே பெரிய அட்டையாக வாங்காமல் இரண்டாக வாங்கியதற்குக் காரணம் உண்டு. ஜோடியாகப் போட்டால் இரண்டு பாதையிலும் ஒரே சமயத்தில் தகவல் போய்வரும். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகச் சுற்றாத, தேடாத எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கினேன்.

பொருத்த வந்த ரிப்பேர்க்காரப் பையன் பெட்டியைத் திறந்தவுடன், "மெத்தையே தைக்கலாம் சார்" என்றான். மின்விசிறிக்குள் அவ்வளவு தூசி. பிராசஸர் சூடு தாங்காமல் போனால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். தூசியைத் தட்டி, காய்ந்து போன வெப்பப் பசையைத் துடைத்து, புதிதாகத் தடவினான். எல்லாம் சேர்ந்து 4,500 ரூபாய்க்குள் முடிந்தது. கிராபிக்ஸ் கார்டு வீண் என்றும் சொல்லமாட்டேன், அதுவும் வேண்டியதுதான். முதலில் செய்ய வேண்டியதை இரண்டாவதாகச் செய்தேன். அதுதான் என் தப்பு.

மிச்சமெல்லாம் செலவில்லாத வைத்தியம். கூட ஓடும் எதிரிக் கார்களை இருபதிலிருந்து எட்டாகக் குறைத்தோம். ஒவ்வொரு காரின் ஓட்டத்தையும் பிராசஸர்தானே கணக்குப் போட வேண்டும்? நிழல்களின் அழகையும் பின்பார்வைக் கண்ணாடியின் துல்லியத்தையும் குறைத்தோம். எழுபது, எண்பது என்று துள்ளாமல் அறுபதிலேயே நிற்கும்படி கட்டிப்போட்டோம். திரையே விநாடிக்கு 60 தடவைதான் புதுப்பிக்கிறது.

இவ்வளவு செய்தும் அது பழைய பெட்டிதான். விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பிராசஸர்களின் பட்டியலில் எங்கள் நான்காம் தலைமுறைக்கு இடம் இல்லை. அதனால் பாங்குக் கணக்கு முதலிய குடும்ப விவகாரங்களை அதனிடம் சொல்வதில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. கார் மட்டும் ஓட்டுகிறது.

எல்லாம் முடிந்த அன்று சாயங்காலம் அண்ணனை வற்புறுத்தி உட்காரவைத்தேன். "எதுக்குடா மறுபடியும்?" என்றுதான் உட்கார்ந்தார். வலது கை சக்கரத்தில். இடது கை மடியில். அபார்த் கிளம்பிற்று. முதல் திருப்பத்துக்கு முன்னால் அவர் தோள் இறுகியது, விக்கலை எதிர்பார்த்தார். விக்கல் வரவில்லை. கார் திரும்பிற்று. அடுத்ததிலும் திரும்பிற்று. ஒன்றும் பேசாமல் ஒரு முழுச் சுற்று ஓட்டினார். நானும் அண்ணியும் மூச்சு விடாமல் நின்றோம்.

இரண்டாவது சுற்றில் தைரியம் வந்துவிட்டது. பிரேக்கை அமுக்க வேண்டிய இடத்தில் அமுக்காமல் விட்டுப் பார்த்தார். கார் நேராகப் புல்லுக்குள் போய், குறுக்காகத் திரும்பி நின்றது. எனக்குப் பகீரென்றது. இன்னும் எந்தப் பகுதியில் கோளாறு பாக்கி இருக்கிறது என்று பெட்டியைப் பார்த்தேன்.

அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அதைப் பார்க்காதே. இது என் தப்புடா!" என்றார்.

தன் தப்பைத் தன்னுடையது என்று ஒருவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. போர்த்தியிருந்த துண்டை அண்ணி மடித்துப் பீரோவில் வைத்தாள்.