குறிப்பேட்டில் ஒரு வரி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால் யாரும் அவனைக் கோபித்துக்கொள்வதில்லை. சில சமயம் பாராட்டவும் செய்கிறார்கள். அந்தச் சௌகரியம் செல்லுபடியாகாத ஓர் இடத்தில் நான் ஒருநாள் காலை அகப்பட்டுக்கொண்டேன்.

இடம் கோடிக்கரை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலியின் ஊர் என்றால் போதும். நானும் அவளை நினைத்துக்கொண்டுதான் வேதாரண்யத்தில் பஸ் ஏறினேன். 2020 ஜனவரி மாதம். என்னை அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எனக்குப் பாடம் சொன்னவரல்ல. ஆனாலும் ஊரே 'சார்' என்று கூப்பிடுவதால் எனக்கும் அவர் சார்தான். பூங்குழலி விஷயத்தில் அவருக்குச் சிரத்தை கிடையாது. இருபது வருஷமாக, மழை ஓய்ந்ததும் அவர் அங்கே போவது ஒரே ஒரு பறவைக்காக.

கரண்டி அலகு உள்ளான் என்று அதைச் சொல்லலாம். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். அலகின் நுனி மட்டும் கரண்டி மாதிரி தட்டையாக அகன்றிருக்கும். ருஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்கு முன்னால் சுமார் 8,000 கிலோ மீட்டர் பறந்து நம் பக்கத்துக் கடற்கரைகளுக்கு வருகிறது. வழியில் இறங்கி இரை தின்று தெம்பு கூட்டிக்கொள்ளும் இடம் மஞ்சள் கடலோரத்துச் சேற்று வெளி. அந்தச் சேற்றைத்தான் மனிதர்கள் அணை போட்டு நிலமாக்கிக்கொண்டார்கள். தென் கொரியாவில் 33 கிலோ மீட்டர் நீளமுள்ள சுவர் ஒன்று 2006-இல் கடலை அடைத்துவிட்டது. வழியில் இருந்த சத்திரத்தை இடித்துவிட்டால் யாத்திரைக்காரன் என்ன செய்வான்? போய்ச் சேரும் கரையிலோ வலை விரிக்கிறவர்கள். இன்று உலகம் முழுவதிலும் எஞ்சியிருப்பவை சில நூறுதான். 1980களில் கோடிக்கரையில் அது பதிவாகியிருக்கிறது. சாருடைய நம்பிக்கைக்கு அது போதுமானதாக இருந்தது.

1967-இல் வெளிமான்களுக்காகச் சரணாலயமாக்கப்பட்ட காடு அது. 2018-இல் கஜா புயல் சாய்த்த மரங்கள் அப்போதும் கிடந்தன. அவற்றைக் கடந்து, சதுப்பின் ஓரத்தில் சார் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தினார். தூரத்தில் பூநாரைகள். அருகே சேற்றில் நூற்றுக்கணக்கில் கொசு உள்ளான்கள், தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே ஓடின.

"அதுவும் இதே உருவம், இதே நிறம், இதே கறுப்புக் கால்தான்," என்றார் சார். "பக்கவாட்டில பாத்தா கரண்டி சரியாத் தெரியாது. நேருக்கு நேர் திரும்பணும். இன்னொண்ணு, இது குத்தும். அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் துழாவும்."

இரண்டு மணி நேரம் போயிற்று. அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "செத்த நீங்க பாருங்க," என்று விலகி உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கூட்டத்துக்குச் சற்று ஒதுங்கி, மெல்லிய தண்ணீரில் ஒன்று, தலையைக் கவிழ்த்து இடமும் வலமும் துழாவிக்கொண்டு போயிற்று. "சார்!" என்றேன். அவர் எழுந்து வருவதற்குள் மேலே ஒரு பருந்தின் நிழல் ஓடியது. கூட்டம் முழுவதும் புகை மாதிரி எழும்பிப் போய்விட்டது.

"அலகைப் பாத்தீங்களா?"

அவர் குரல் நடுங்கிற்று. 'ஆமாம்' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. ஒரு மனிதரின் இருபது வருஷத் தவம் பலித்துவிடும். யாருக்கு நஷ்டம்?

அவர் கையில் குறிப்பேடு இருந்தது. முதல் நாள் இரவு அதைப் புரட்டியிருந்தேன். வருஷா வருஷம் தேதி, இடம், கணக்கு. கடைசியில் 'காணவில்லை' என்று ஒரு வார்த்தை. அத்தனை 'காணவில்லை'யும் மெய். அவற்றின் கீழே என் 'ஆமாம்' உட்கார்ந்தால், அழிந்துகொண்டிருக்கும் ஒரு ஜீவனைச் சுகமாக இருப்பதாக எழுதிவைத்த மாதிரி ஆகும்.

"பக்கவாட்டில்தான் இருந்தது, சார். நுனி தெரியல. துழாவினது மட்டும் நிச்சயம்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. அவரிடமிருந்து எதையோ திருடிக்கொண்டவன் மாதிரி நின்றேன். பிறகு பென்சிலை எடுத்து எழுதி, என்னிடம் காட்டினார்: 'கொசு உள்ளான், சுமார் 400. வேறு ஒன்று, துழாவியது. அலகு பார்க்கவில்லை. நிச்சயமில்லை.' பார்த்தவன் என்பதால் பக்கத்தில் என் பெயர்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: "நீங்க 'ஆமாம்'னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.