கண்ணாடி கழுவும் நீர்

மோட்டார் வண்டிக்கு எண்ணெய் பார்ப்போம், சில்லுக்குக் காற்றுப் பார்ப்போம், பற்றறியையும் பார்ப்போம். முன்கண்ணாடியைக் கழுவும் நீர் நிற்கும் போத்தலை மட்டும் நாம் பல ஆண்டுகளாகத் திறந்து நோக்கியதில்லை. நீர் குறைந்தால் கிணற்று நீரை ஊற்றி மூடிவிடுவோம். நீர்தானே, அதற்கு என்ன பராமரிப்பு என்பது எமது எண்ணம்.

அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதைச் சென்ற ஆண்டு ஒரு காலைப்பொழுது உணர்த்திற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு விடியுமுன் இல்லாளுடன் புறப்பட்டோம். கொடிகாமம் கடந்து பளையை அணுகுகையில் ஞாயிறு எதிரே எழுந்தது. முன்னே சென்ற லொறி கிளப்பிய புழுதியும், இருளில் மோதி இறந்த பூச்சிகளும் கண்ணாடியில் அப்பியிருந்தன. விசையை அழுத்தினோம். மோட்டார் முனகியதேயன்றி ஒரு துளி நீரும் வரவில்லை. துடைப்பான்கள் உலர்ந்த அழுக்கை இழுத்துப் பூசின. கண்ணாடி வெயிலில் வெள்ளைத் திரையாயிற்று. "ஐயோ, சைக்கிள்!" என்று இல்லாள் அலறவும் வண்டியை நிறுத்தினோம். நான்கு முழத் தொலைவில் பாடசாலைச் சிறுவன் ஒருவன் போய்க்கொண்டிருந்தான். அவன் திரும்பியும் பாராமல் மிதித்துச் சென்றான். எமது கைகளின் நடுக்கமோ கிளிநொச்சி செல்லும்வரை அடங்கவில்லை.

அங்கே ஒரு திருத்துநர் குழாயைக் கழற்றினார். பச்சை நிறத்தில் வழுவழுப்பான பாசி வெளிவந்தது.

"ஐயா, இந்தப் போத்தலை எப்பவாவது கழுவினனீங்களோ?" என்று கேட்டார். நாம் விடை கூறவில்லை.

அவர் காட்டிய முறை எளியது. போத்தலின் நீரை முற்றாக வடித்து, வெதுவெதுப்பான நீரால் அலசவேண்டும். நீரிறைக்கும் சிறு மோட்டாரின் வாயிலுள்ள வலையைக் கழுவவேண்டும். துளைக்குச் செல்லும் றப்பர் குழாயைக் கழற்றித் தெளிந்த நீர் வரும்வரை ஓடவிட வேண்டும். நீர் பீச்சும் துளையை மெல்லிய ஊசியால் மெதுவாகத் தூர்வார வேண்டும். எமது குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலமாகையால் கிணற்று நீர் வன்னீர்; அது துளையில் வெள்ளைப் படிவை விடும். நீர் கலந்த வினாகிரியைச் சற்று நேரம் நிறுத்திப் பின்னர் நன்றாக அலசினால் அது கரையும். சவர்க்காரத் தூளை இடலாகாது. நுரைத்துப் படிந்து மீண்டும் அடைக்கும். போத்தல் வெறுமையாயிருக்கையில் விசையை அழுத்திக்கொண்டிருப்பதும் மோட்டாருக்குக் கேடு.

பின்னர் நூல்களைப் புரட்டியபோது மற்றொரு செய்தியும் அறிந்தோம். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், முன்னாள் போர்வீரர் மாநாட்டிற் கூடியோர் பலர் கடும் நுரையீரல் நோயால் வீழ்ந்தனர், பலர் மாண்டனர். அடுத்த ஆண்டு கண்டறியப்பட்ட அந்நோயின் பற்றீரியாவுக்கு லெஜியொனெல்லா என்று பெயரிட்டனர். 20 பாகை முதல் 45 பாகை செல்சியஸ் வரை வெப்பமுள்ள தேங்கிய நீரில் அது பெருகும். நுண்துளிகளாய்ச் சிதறும்போது மூச்சுடன் உட்செல்லும். சாரதிகளிடையே இந்நோய்க்கும், கழுவும் போத்தலில் வெறும் நீரை ஊற்றுவதற்கும் தொடர்புண்டென இங்கிலாந்து ஆய்வாளர் 2010இல் வெளியிட்டனர். எமது வெப்பநாட்டில் வண்டியின் மூடியின்கீழ் நிற்கும் நீர் எந்நிலையில் இருக்கும் என்பதை வாசகர் எண்ணிப்பார்க்கலாம். கடையில் விற்கும் கண்ணாடி கழுவும் திரவத்தை உரிய அளவிற் கலப்பதே தக்கது.

இப்பொழுது மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் அப்போத்தலைத் திறந்து பார்க்கிறோம். அரைமணி நேர வேலைதான். "இன்றைக்கும் இதுதானோ?" என்று இல்லாள் நகைப்பாள். நாம் மறுமொழி சொல்வதில்லை. துளைகள் இரண்டிலும் நீர் நேராக எழுந்து விழும்போது, பளை வீதியில் திரும்பியும் பாராமற் சென்ற அச்சிறுவனின் முதுகு எம் கண்முன் தோன்றும்.