சிகரெட்டின் பெயரில் எஞ்சிய இசை

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வஞ்சிரம் என ஊரின் சுவைகள் பலவும் கிடைக்கும். ஊரின் ஓசைகளுள் ஒன்றோ ஊரிலேயே கிடைப்பது அரிது: 1970-ஐ ஒட்டிச் சென்னை இளைஞர்கள் இசைத்த ராக்.

சிம்லா என்னும் சிகரெட்டை விற்பதற்காக இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் இசைக்குழுப் போட்டிகளை நடத்தியது. பங்கேற்ற குழுக்களின் பாடல்கள் 'சிம்லா பீட் 70', 'சிம்லா பீட் 71' என இரு இசைத்தட்டுகளாயின. சென்னையின் 'கன்ஃப்யூஷன்ஸ்', ஷில்லாங்கின் 'ஃபென்டோன்ஸ்' முதலிய குழுக்களின் இசை அவற்றில் எஞ்சியுள்ளது. நல்ல கிதாரும் ஒலிபெருக்கியும் எளிதில் கிட்டாத இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தின் கரடுமுரடான ஓசை அது.

அமெரிக்காவில் இத்தகைய கராஜ் குழுக்களின் மறக்கப்பட்ட பாடல்களை லென்னி கே 1972-இல் 'நகெட்ஸ்' என்னும் தொகுப்பாக்கினார். அவை வரலாற்றில் இடம்பெற்றன. இங்கோ தொகுப்பு முன்னரே வந்துவிட்டது. ஆனால் தொகுத்தவர் விளம்பரதாரர். செவ்விசையையும் திரையிசையையும் போற்றிய நம் இசை வரலாறு இதை விளம்பரப் பொருளாகவே ஒதுக்கியது.

பழைய தட்டுக் கடைகளில் இவற்றைக் காண்போர் விலைமதிப்புக்காக அன்று, ஆவணமாகக் கருதிக் காத்தல் வேண்டும். ஒரு தலைமுறை ஆங்கிலத்தை எவ்வுச்சரிப்பில் பாடியது என்பதற்கும் இவை சான்று.