பத்தாம் வருடம் யார் கேட்பார்கள்?

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை முதல் வருடம் ஊரே விசாரிக்கும். கல்யாண வீட்டில் பார்ப்பவர்கள் "ஆளே மாறிட்டீங்களே" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். மருத்துவமனையிலிருந்தும் போன் வரும். வயதான எனக்குக் கவலையெல்லாம் பத்தாவது வருடத்தைப் பற்றித்தான். அப்போது அவரை யார் கேட்பார்கள்?

சுவீடனில் கேட்டார்கள். மருத்துவர் லார்ஸ் ஷோஸ்ட்ரோம் தலைமையில் 1987-இல் தொடங்கிய ஆய்வு அது. அறுவை செய்துகொண்டவர்கள் 2,010 பேர். ஏறக்குறைய அதே பருமனோடு வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 2,037 பேர். ஆள் சேர்க்கவே 2001 வரை பிடித்தது. அதன் பிறகும் அவர்களை விட்டுவிடவில்லை. அந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுக்க ஒரே அடையாள எண். பரிசோதனைக்கு வராமல் போனவர் உயிரோடு இருக்கிறாரா, எந்த நோயில் இறந்தார் என்பதை அரசுப் பதிவேடு சொல்லிவிடும்.

அந்தப் பொறுமையால் தெரிந்தது நிறைய. முதல் இரண்டு வருடத்துக்குள் எடை அடிமட்டத்தைத் தொடுகிறது. பிறகு மெல்ல ஏறுகிறது. கேஸ்ட்ரிக் பைபாஸ் என்ற வகை அறுவை செய்தவர்கள் பத்தாம் வருடத்திலும் ஆரம்ப எடையில் கால் பங்கு குறைந்தே இருந்தார்கள். சர்க்கரை நோயோடு வந்து அறுவை செய்துகொண்டவர்களில் இரண்டாம் வருடம் 72 சதவீதம் பேருக்கு அந்த நோய் விலகியிருந்தது. பதினைந்தாம் வருடம் அது சுமார் 30 சதவீதம். இரண்டாம் வருடத்தோடு ஏட்டை மூடியிருந்தால், சர்க்கரை ஒழிந்தது என்று எழுதிவைத்திருப்பார்கள். ஆனாலும் அந்த 30 சிறிய எண் இல்லை. அறுவை செய்யாதவர்களில் பதினைந்தாம் வருடம் நோய் விலகியிருந்தவர்கள் ஏழு சதவீதம்கூட இல்லை. 2020-இல் வெளியான கணக்குப்படி, அறுவை செய்துகொண்டவர்களுக்கு மற்றவர்களைவிட ஆயுள் சுமார் மூன்று வருடம் கூடுதல்.

எடை இயந்திரம் காட்டாத விஷயங்களே என்னை அதிகம் உறுத்துகின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆய்வு 2007-இல் வந்தது. பைபாஸ் செய்தவர்களிடையே மாரடைப்பு, சர்க்கரை, புற்றுநோயால் நேரும் மரணங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. விபத்து, தற்கொலை போன்றவற்றால் நேரும் மரணங்களோ கூடியிருந்தன. பைபாஸுக்குப் பிறகு மது சீக்கிரமாக ரத்தத்தில் ஏறும். குடிப் பிரச்சினை இரண்டாம் வருடத்தில் அதிகரித்ததை, பத்து அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த இன்னொரு ஆய்வு 2012-இல் காட்டியது. இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் சொல்வார்கள்.

எடை திரும்ப ஏறியவர் வெட்கப்பட்டு மருத்துவமனைப் பக்கமே வராமல் இருந்துவிடுவதுண்டு. வந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு அழகாகத்தான் இருக்கும். 2014-இல் இந்த அறுவை பற்றிய 7,371 ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். குறைந்தது இரண்டு வருடம், எண்பது சதவீதம் பேரையாவது விடாமல் தொடர்ந்து, முடிவுகளை முழுமையாகச் சொன்னவை வெறும் 29. மனசு கனத்துப் போகிறது.

உங்கள் வீட்டில் ஒருவர் இந்த அறுவையைச் செய்துகொண்டவர் என்றால், எடையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, கால் மரத்துப் போகிறதா, தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வருடாந்திர ரத்தப் பரிசோதனைக்குக் கூடவே போங்கள். இனிமேல்தான் செய்யப் போகிறார் என்றால், மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: "அஞ்சு வருஷம் முன்னாடி இங்கே செஞ்சுக்கிட்டவங்களில் எத்தனை பேர் இன்னும் வர்றாங்க? வராதவங்களை யார் கூப்பிட்டு விசாரிக்கிறாங்க?" பதில் கிடைத்த பிறகு தேதி குறியுங்கள்.